அதிகாரம் 6: வெட்டிய முகத்துக்கு நேரே நில்லுங்கள்

டிராஃப்டரை வரைபலகையில் மாட்டும் முன் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். சலவைச் சோப்புக் கட்டி இரண்டு, சிரட்டையில் வார்த்த கருப்பட்டி ஒன்று, பருத்த கேரட் ஒன்று, கொஞ்சம் தையல் நூல், மெல்லிய அலகுள்ள கத்தி. தென்காசியில் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிற சாமான்கள்தான். வெட்டுத்தோற்றம் வரையக் கற்பதற்கு இவற்றைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. முதலில் கை வெட்டட்டும், கண் பார்க்கட்டும். கோடு அதற்குப் பிறகு.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், கோடுகளின் வீழல், தளங்களின் வீழல், முழுத் திண்மங்களின் வீழல் எல்லாவற்றையும் கடந்து வந்த பிள்ளைகள் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பாடத்திட்டத்தில் வெட்டிய திண்மங்களும் பரப்பு விரிவும் ஒரே அலகில் வருகின்றன. வெட்டுவது புரியாவிட்டால் விரிப்பதும் புரியாது, முழு அலகும் கையைவிட்டுப் போகும். கோடு போடத் தெரியாததால் அவர்கள் தடுமாறவில்லை. வெட்டினால் உள்ளே என்ன தெரியும், வெட்டிய முகம் எந்தப் பக்கம் பார்க்கும் என்ற படம் மனத்தில் ஓடுவதில்லை, அவ்வளவுதான்.

எதற்காக வெட்டுகிறோம்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் நின்றவர்களுக்கு அதன் முன்தோற்றம் நன்றாகத் தெரியும். பாறை மீது வெள்ளையாக இறங்கும் நீர், கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம். ஆனால் அந்த அருவியின் முக்கியமான உறுப்பு அங்கே நின்றால் தெரியாது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்று பெயர் பெற்ற, 19 மீட்டர் ஆழமுள்ள பாறைக் குடைவில் விழுந்து, நிரம்பி, பொங்கி வழிந்த பிறகே கீழே வருகிறது. மேலிருந்து வரும் வேகத்தை அந்தக் குடைவு வாங்கிக்கொள்வதால்தான் கீழே மனிதர் நின்று குளிக்க முடிகிறது.

இதை ஒருவருக்கு வரைந்து காட்ட வேண்டுமென்றால் எப்படி வரைவீர்கள்? முன்தோற்றத்தில் குடைவை விட்டு விட்டு வரும் மறைகோடுகளால் காட்டலாம். ஆனால் பாறை மடிப்புகள், படிகள், நீர்க்கோடுகள் எல்லாவற்றோடும் அந்த மறைகோடுகள் சிக்கிக்கொள்ளும். அருவியின் போக்கிலேயே மலையை மேலிருந்து கீழாகப் பிளந்து, ஒரு பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மீதிப் பாதியைப் பக்கத்திலிருந்து பார்ப்பதாக வரைந்தால், குடைவும் ஆழமும் நீர் வழியும் விளிம்பும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வெட்டுத்தோற்றம் இதுதான். வெட்டும் கற்பனைக் கத்திக்கு வெட்டுத்தளம் என்று பெயர்.

உடைத்துப் பார்க்க முடியாத பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பணிமனைக்குச் சொல்லும் மொழி இது. பம்பின் உடல், வால்வு, பேரிங் வைக்கும் இடம், அணையின் சுவர், குகைப்பாதை எதுவானாலும் வெட்டித்தான் காட்டுவார்கள். செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூருக்குப் போகும் ரயில் பாதையில் அடுத்த முறை பயணம் செய்யும்போது, குகைக்குள் ரயில் நுழையும் வேளையில் மலையின் நீளவெட்டு எப்படி இருக்கும் என்று மனத்தில் வரைந்து பாருங்கள். நல்ல பயிற்சி.

எல்லாவற்றையும் வெட்டக் கூடாது

குற்றாலத்துப் பழக்கடைகளில் மங்குஸ்தான் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்கார அக்கா பழத்தின் நடுவில் கத்தியை வைத்து ஓட்டை மட்டும் சுற்றிக் கீறுவார். மேல்பாதி மூடி போலக் கழன்று வரும். உள்ளே வெள்ளைச் சுளைகள் ஒன்றும் வெட்டுப்படாமல் பூப்போல உட்கார்ந்திருக்கும். கத்தி பட்டது ஓட்டில் மட்டும்தான்.

இயந்திர வரைபடத்தின் ஒரு முக்கிய விதி அப்படியே இந்தப் பழத்தில் இருக்கிறது. தண்டு, போல்ட், ரிவெட், சாவி போன்ற உள்ளே வெற்றிடமில்லாத முழு உறுப்புகளின் அச்சு வழியாக வெட்டுத்தளம் போனாலும் அவற்றை வெட்டியதாகக் காட்டுவதில்லை. அவற்றைச் சுற்றியுள்ள உடலுக்கு மட்டுமே வெட்டிய முகத்தைக் காட்டும் வரிக்கோடு, அதாவது ஹாட்சிங். ஓட்டுக்கு ஹாட்சிங் உண்டு, சுளைக்குக் கிடையாது. முதலாண்டில் நீங்கள் வெட்டப்போகும் திண்மங்களுக்கு இந்த விதி தேவைப்படாது. இரண்டாமாண்டில் இயந்திர வரைபடம் வரும்போது மங்குஸ்தானை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழத்தில் இன்னொன்றும் உண்டு. காம்புக்கு எதிர்ப்பக்கம், அடியில், சின்னப் பூ முத்திரை போல இதழ்கள் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. வெளித்தோற்றத்தைப் பார்த்து உள்வெட்டைச் சொல்வது இப்படித்தான். நீங்களும் அந்த நிலைக்கு வர வேண்டும்: அடியில் ஐந்து மூலை என்றால், படுக்கையாக வெட்டினால் ஐந்து மூலை என்று வரையும் முன்பே தெரிய வேண்டும்.

வரையும் முன் மூன்று கேள்விகள்

இந்தியாவில் நாம் முதற்கோண வீழலைப் பின்பற்றுகிறோம். பள்ளி கல்லூரி வரைபடங்களுக்கான இந்தியத் தர நிறுவனத்தின் கையேடு எஸ்.பி. 46. அதன்படி எக்ஸ்-ஒய் கோட்டுக்கு மேலே முன்தோற்றம், கீழே மேல்தோற்றம். இது உங்களுக்கு முன்பே தெரியும். வெட்டும் கணக்கில் கூடுதலாக மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்தி எந்தத் தோற்றத்தில் கோடாகத் தெரிகிறது? வெட்டுத்தளம் வி.பி. எனும் செங்குத்துத் தளத்துக்குச் செங்குத்தாக, எச்.பி. எனும் கிடைத்தளத்துக்குச் சாய்ந்து இருந்தால் முன்தோற்றத்தில் அது ஒரு நேர்கோடு. எச்.பி.க்குச் செங்குத்தாக, வி.பி.க்குச் சாய்ந்து இருந்தால் மேல்தோற்றத்தில் நேர்கோடு. கணக்கைப் படித்ததும் இதை முடிவு செய்யாமல் பென்சிலைத் தொட வேண்டாம். கோடாகத் தெரியும் தோற்றத்தில்தான் வெட்டு தொடங்கும்.

எந்தப் பகுதியைத் தூக்கி எறிகிறோம்? பார்ப்பவருக்கும் வெட்டிய முகத்துக்கும் நடுவில் நிற்கும் பகுதியை. சாய்வு எச்.பி.க்கு என்றால் மேல்பகுதி போகும், வெட்டிய முகம் மேல்தோற்றத்தில் தெரியும். சாய்வு வி.பி.க்கு என்றால் முன்பகுதி போகும், முகம் முன்தோற்றத்தில் தெரியும்.

கத்தி எத்தனை விளிம்புகளைத் தொடுகிறது? பட்டகத்துக்கும் பிரமிடுக்கும் இதுதான் உயிர். கத்தி நான்கு விளிம்புகளைத் தொட்டால் வெட்டிய முகத்துக்கு நான்கு மூலை. ஐந்தைத் தொட்டால் ஐந்து. அடிப்பக்கத்தையும் சேர்த்து அறுத்தால் அடிப்பக்க விளிம்புகளில் இரண்டு புள்ளிகள் கூடும். எண்ணி, ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட்டு, எந்த விளிம்பில் எந்த எண் என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வீணான தாள்கள் என் மேசையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

உருளையும் உருண்டையும்

என் முதலாண்டுத் தேர்வில் உருளையைச் சாய்வாக வெட்டச் சொன்னார்கள். சாய்வாக வெட்டினால் நீள்வட்டம் வரும் என்று மனப்பாடமாகத் தெரியும். உற்சாகமாக மேல்தோற்றத்தில் அழகான நீள்வட்டம் போட்டேன். முழு மதிப்பெண்ணும் போயிற்று. அன்று மாலை அம்மா அடுப்பிலிருந்து இறக்கிய புட்டைத் தட்டில் நிமிர்த்தி வைத்துக் கத்தியால் சாய்வாக வெட்டி, எழுந்து நின்று நேர் மேலிருந்து பார்த்தேன். வட்டம்தான் தெரிந்தது. தலையைச் சாய்த்து, வெட்டிய முகத்துக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனேன். நீள்வட்டம். இந்த அதிகாரத்தில் நான் சொல்ல வேண்டிய எல்லாம் அந்தத் தலைச்சாய்ப்பில் இருக்கிறது.

நீங்களும் வரைந்து பாருங்கள். விட்டம் 50 மி.மீ., உயரம் 70 மி.மீ. கொண்ட உருளை எச்.பி.யில் நிமிர்ந்து நிற்கிறது. அச்சின் நடுவழியே, எச்.பி.க்கு 45 பாகை சாய்வில் கத்தி போகிறது. முன்தோற்றம் 50-க்கு 70 செவ்வகம். அதில் கத்திக்கோடு இடது பக்கம் 10 மி.மீ. உயரத்தில் நுழைந்து வலது பக்கம் 60 மி.மீ. உயரத்தில் வெளியேறும். மேல்தோற்ற வட்டத்தை 12 சமபாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முன்தோற்றத்துக்கு ஏற்றி, கத்திக்கோட்டில் வெட்டும் புள்ளிகளுக்கு எண் போடுங்கள். மேல்தோற்றத்தில் புதிதாக எந்த வளைவும் வராது. அதே 50 மி.மீ. வட்டம்தான், முழுக்க ஹாட்சிங். இதைத்தான் பிள்ளைகளால் நம்ப முடிவதில்லை. “சார், வெட்டியிருக்கோம், ஆனா படம் மாறவே இல்லையே சார்” என்பார்கள். மாறாது தம்பி. உருளையின் சுவர் செங்குத்தாக நிற்கிறது. வெட்டிய முகத்தின் ஓரம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. மேலிருந்து பார்க்கிறவனுக்குச் சுவர் எப்போதும் வட்டம்தான்.

உண்மை வடிவம் வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும். கத்திக்கோட்டுக்கு இணையாக, வசதியான தொலைவில், புதிதாக ஒரு எக்ஸ்1-ஒய்1 கோடு போடுங்கள். கத்திக்கோட்டின் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்தப் புதுக் கோட்டுக்குச் செங்குத்தாக மெல்லிய கோடு இழுங்கள். மேல்தோற்றத்தில் அதே எண், பழைய எக்ஸ்-ஒய் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதை டிவைடரால் எடுத்து, புதுக் கோட்டிலிருந்து அதே தூரத்தில் குறியுங்கள். எல்லாப் புள்ளிகளையும் பிரெஞ்சு வளைவால் சேர்த்தால் நீள்வட்டம். சிற்றச்சு 50 மி.மீ., பேரச்சு 70.7 மி.மீ. இந்த 70.7 வரவில்லையென்றால் எங்கோ புள்ளி தவறியிருக்கிறது.

தகரப் பட்டறைக்காரர் மழைநீர்க் குழாய்க்கு முழங்கை வைப்பதும் இதே நீள்வட்டத்தில்தான். ஒரே விட்டமுள்ள இரண்டு குழாய்களை 45 பாகையில் வெட்டினால் இரண்டு முகங்களும் ஒரே அளவு நீள்வட்டம். ஒன்றைத் திருப்பி வைத்துப் பற்ற வைத்தால் 90 பாகை முழங்கை. செங்கோட்டைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் கூரை ஓரத்தைப் பாருங்கள், எத்தனையோ உண்மை வடிவங்கள் தொங்கும்.

இப்போது கருப்பட்டிக்கு வாருங்கள். சிரட்டையில் வார்த்ததால் அது ஏறத்தாழ அரைக்கோளம். அதை எப்படிச் சாய்த்து வெட்டினாலும், அடிமுகத்தைத் தொடாதவரை, வெட்டிய முகம் வட்டம்தான். ஆனால் மேலிருந்து பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். உருளையில் நடந்ததற்கு நேர் எதிர். உருளையில் மேல்தோற்றம் வட்டம், உண்மை வடிவம் நீள்வட்டம். கோளத்தில் மேல்தோற்றம் நீள்வட்டம், உண்மை வடிவம் வட்டம். இந்த இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து சுவரில் ஒட்டி வையுங்கள். கணக்குக்கு: 50 மி.மீ. விட்டமுள்ள கோளம், மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி, எச்.பி.க்கு 45 பாகையில் கத்தி. உண்மை வட்டத்தின் விட்டம் 45.8 மி.மீ. மேல்தோற்ற நீள்வட்டம் 45.8-க்கு 32.4.

கோபுரத்தை நிலை நிலையாக வெட்டுவது

பிரமிடு கணக்கில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அதை விளக்க எனக்குத் தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம்தான் கைகொடுக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில். அதன் ராஜகோபுரம் பிற்காலத்தில் மேல்நிலைகளை இழந்து நீண்ட காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் திருப்பணி முடிந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. கோயிலைக் கட்டிய பாண்டியன், பின்னாளில் பழுது நேர்ந்தால் அதைச் சீர்செய்வோருக்குத் தன் வணக்கத்தைக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அந்தக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: சீர்செய்ய வருபவனுக்கு முதலில் வேண்டியது உள்வெட்டு. எந்த நிலையில் சுவர் எவ்வளவு கனம், உள்கூடு எவ்வளவு அகலம் என்று தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூட ஏற்ற முடியாது.

கோபுரம் சரியான பிரமிடு அல்ல. அடி நீள்சதுரம். உச்சியும் கூராக முடியாமல் நீண்ட சாலை (வண்டிக்கூடு) வடிவில் முடிகிறது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் அதன் நிலைகளில் இருக்கிறது. ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைப் போலவே வடிவம், அளவில் மட்டும் சிறியது. எந்த நிலையில் படுக்கையாக வெட்டினாலும் அடியின் சிறிய நகல் கிடைக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குக்குப் போவோம்.

அடிப்பக்கம் 40 மி.மீ., உயரம் 60 மி.மீ. கொண்ட சதுரப் பிரமிடு எச்.பி.யில் நிற்கிறது. அடியின் ஒரு மூலைவிட்டம் வி.பி.க்கு இணை. எச்.பி.க்கு 45 பாகை சாய்ந்த கத்தி அச்சின் நடுவில், அதாவது 30 மி.மீ. உயரத்தில் போகிறது.

மேல்தோற்றம்: மூலை இடதும் வலதுமாக நிற்கும் சதுரம், அதன் இரண்டு மூலைவிட்டங்கள். முன்தோற்றம்: அடி 56.6 மி.மீ., உயரம் 60 மி.மீ. முக்கோணம். சாய்விளிம்புகள் நான்கு. இடது, வலது இரண்டும் முக்கோணத்தின் இரு ஓரங்கள். முன், பின் விளிம்புகள் இரண்டும் அச்சுக்கோட்டின் மேலேயே ஒன்றன்மீது ஒன்றாகத் தெரியும்.

கத்திக்கோடு இடது ஓரத்தை அடியிலிருந்து சுமார் 3 மி.மீ. உயரத்திலும், வலது ஓரத்தைச் சுமார் 40 மி.மீ. உயரத்திலும் வெட்டும். இந்த இரண்டு புள்ளிகளையும் நேராகக் கீழே இறக்கினால் மேல்தோற்றத்தின் கிடைமட்ட மூலைவிட்டத்தில் போய் உட்காரும். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் உள்ள புள்ளிகளைக் கீழே இறக்கிப் பாருங்கள். இறக்கும் கோடு அந்த விளிம்பின் மேல்தோற்றத்தின் மேலேயே போகும். எங்கே நிறுத்துவது? எங்கும் வெட்டு இல்லை. இங்கேதான் பென்சில் நிற்கும், சிலர் கண்ணளவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கோபுரத்தை நினையுங்கள். அந்தப் புள்ளி 30 மி.மீ. உயர நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் பிரமிடைப் படுக்கையாக வெட்டினால் ஒரு சின்னச் சதுரம் கிடைக்கும். முன் மூலை, பின் மூலை, இடது மூலை, வலது மூலை நான்கும் அந்தச் சதுரத்தில் மையத்திலிருந்து சம தூரம். இடது மூலையைக் கண்டுபிடிப்பது எளிது: அச்சுப் புள்ளியிலிருந்து படுக்கையாக ஒரு கோடு இழுத்து முக்கோணத்தின் இடது ஓரத்தைத் தொடுங்கள், அங்கிருந்து கீழே இறக்குங்கள். மேல்தோற்றத்தில் மையத்திலிருந்து அதுவரை உள்ள தூரத்தை, மையத்தில் காம்பஸ் முனை வைத்துச் சுழற்றினால் முன்மூலையும் பின்மூலையும் கிடைத்துவிடும். இந்தக் கணக்கில் அந்தத் தூரம் 14.1 மி.மீ. ஏனென்றால் பாதி உயரத்தில் சதுரமும் பாதியளவு. புத்தகங்கள் இதை ஒரு தந்திரமாகச் சொல்லித் தருகின்றன. தந்திரம் எதுவுமில்லை, அந்த நிலையின் தளத்தை வரைகிறோம், அவ்வளவே.

நான்கு புள்ளிகளையும் சேர்த்தால் மேல்தோற்றத்தில் ஒரு பட்டம் வரும். நீளம் 36.4 மி.மீ., அகலம் 28.3 மி.மீ. அதற்கு ஹாட்சிங் போட்டு, அதன் மூலைகளிலிருந்து அடிச்சதுர மூலைகள் வரை மிச்ச விளிம்புகளை அழுத்தமாக வரையுங்கள். பட்டத்துக்கு உள்ளே பழைய மூலைவிட்டக் கோடுகள் அழுத்தமாக இருக்கக் கூடாது. அவை வெட்டுப்பட்டுப் போன விளிம்புகள். முன்தோற்றத்திலும் கத்திக்கு மேலே உள்ள பகுதி மெல்லிய கோட்டில் மட்டுமே நிற்க வேண்டும்.

எக்ஸ்1-ஒய்1 போட்டு உண்மை வடிவம் எடுத்தால் அதே 28.3 அகலம், ஆனால் நீளம் 51.4 மி.மீ. அகலம் மாறவில்லை, நீளம் மட்டும் மாறியது, கவனித்தீர்களா? கத்தி இடமிருந்து வலமாகத்தான் ஏறுகிறது. முன்னிருந்து பின்னாக அது மட்டமாகவே கிடக்கிறது. ஏறுகிற திசையில் மட்டுமே மேல்தோற்றம் அளவைக் குறைத்துக் காட்டும். இது உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சரிபார்ப்பு: உண்மை வடிவத்தில் இரண்டு அளவும் மேல்தோற்றத்திலிருந்து மாறியிருந்தால், டிவைடர் எங்கோ நழுவியிருக்கிறது.

கேரட்டில் நான்கு வளைவுகள்

கேரட்டைக் கூம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு இணையாக நறுக்கினால் வட்டம். கொஞ்சம் சாய்த்தால் நீள்வட்டம். சாய்வு அதிகமாகி, கத்தி கேரட்டின் எதிர்ப்பக்க ஓரத்துக்கு இணையாக வந்துவிட்டால் பரவளையம். அதையும் தாண்டிச் செங்குத்தாக நிமிர்ந்தால் அதிபரவளையம். கத்தி நுனி வழியாகவே இறங்கினால் வளைவே இல்லை, முக்கோணம்.

தாளில் முடிவு செய்வது எளிது. அடிவிட்டம் 50 மி.மீ., உயரம் 60 மி.மீ. கூம்பின் ஓரம் அடியோடு ஏறத்தாழ 67.4 பாகையில் நிற்கிறது. கத்தியின் சாய்வு அதற்குக் குறைவு என்றால் நீள்வட்டம், சமம் என்றால் பரவளையம், கூடுதல் என்றால் அதிபரவளையம். கேள்வித்தாளில் சாய்வைச் சொல்லாமல் “வெட்டிய முகம் பரவளையமாக அமையுமாறு வரைக” என்று கேட்டால் பதற வேண்டாம். முன்தோற்ற முக்கோணத்தின் ஓர் ஓரத்துக்கு இணையாகக் கத்திக்கோட்டைப் போடுங்கள், கோணம் தானே சரியாகிவிடும்.

கூம்பிலும் அதே நிலைப் பாடம்தான். எந்தப் புள்ளியின் மேல்தோற்றம் பிடிபடாவிட்டாலும், அந்த உயரத்தில் படுக்கையாக ஒரு கோடு, ஓரத்திலிருந்து மையம் வரை உள்ள ஆரம், மேல்தோற்றத்தில் ஒரு வட்டம். புள்ளி அந்த வட்டத்தில்தான் இருக்கும்.

எளிதான அதிபரவளையம் ஒன்றை வரைந்துவிடுங்கள். அதே கூம்பு. வி.பி.க்கு இணையான கத்தி அச்சுக்கு 10 மி.மீ. முன்னால் போகிறது. இங்கே கத்தி மேல்தோற்றத்தில் கோடாகத் தெரியும், முகம் முன்தோற்றத்தில் வரும். கத்தி வி.பி.க்கு இணை என்பதால் முன்தோற்றத்தில் தெரிவதே உண்மை வடிவம், எக்ஸ்1-ஒய்1 வேண்டியதில்லை. வளைவின் உச்சி அடியிலிருந்து 36 மி.மீ., அடியில் அகலம் 45.8 மி.மீ. வட்டத்தை 12-க்குப் பதிலாக 16 பாகமாகப் பிரித்தால் வளைவு வழுவழுப்பாக வரும். உச்சிப் புள்ளியைத் தனியாகக் கண்டுபிடியுங்கள். பாகக் கோடுகள் அதைத் தொடாமல் போகலாம், அப்போது வளைவின் தலை சப்பையாகிவிடும்.

ஹாட்சிங்கில் போகும் மதிப்பெண்கள்

இது சிறிய விஷயம், ஆனால் தாளைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது இதுதான். வரிக்கோடு 45 பாகையில், மெல்லியதாக, 2 முதல் 3 மி.மீ. இடைவெளியில், ஓரத்தைத் தொட்டு நிற்க வேண்டும். ஓரத்தைத் தாண்டவும் கூடாது, எட்டாமலும் நிற்கக் கூடாது. 2எச் பென்சில் போதும். முகத்தின் ஓரமே 45 பாகையில் இருந்தால் வரிக்கோடும் ஓரமும் ஒன்றாகக் கலந்துவிடும், அங்கே 30 அல்லது 60 பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உண்மை வடிவத்துக்கும் ஹாட்சிங் உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கோடாகத் தெரியும் தோற்றத்தில் கத்தியைக் கோடு-புள்ளி-கோடாக, இரு முனைகளில் மட்டும் தடித்துக் காட்டி, பார்வை திசைக்கு அம்புக்குறி இடுங்கள். டிராஃப்டரை ஒருமுறை 45 பாகையில் பூட்டினால் எல்லா ஹாட்சிங்கையும் ஒரே மூச்சில் போட்டு முடியுங்கள். இடையில் அவிழ்த்துப் பூட்டினால் அரைப் பாகை நழுவும், கண்ணுக்கு அது உடனே தெரியும்.

கடைசியாக ஒரு சோப்புக் கட்டி

வாங்கிவந்த சோப்புக் கட்டிகளில் ஒன்றை எடுங்கள். அதை 40 மி.மீ. பக்கமுள்ள கனசதுரமாகச் செதுக்குங்கள். எதிரெதிரான இரண்டு மூலைகளில் பேனாவால் புள்ளி வையுங்கள், ஒன்று மேலே, மற்றது அதற்கு நேர் எதிராகக் கீழே. இந்த இரண்டு மூலைகளையும் தொடாத விளிம்புகள் ஆறு இருக்கும். ஆறின் நடுப்புள்ளிகளையும் குறியுங்கள். இப்போது நூலை இழுத்துப் பிடித்து, ஆறு குறிகளையும் தொட்டுக்கொண்டு மெல்ல அறுங்கள். சதுரம் சதுரமாக இருந்த கட்டிக்குள்ளிருந்து ஒழுங்கான அறுகோணம் வரும். வகுப்பில் இதைச் செய்யும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு பையனாவது “என்னல இது” என்று சத்தமாகச் சொல்லிவிடுவான். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நான் அந்த வகுப்பை எடுக்கிறேன்.

பிறகு தாளுக்குப் போங்கள். கனசதுரத்தை மூலை இடதும் வலதுமாக இருக்கும்படி நிறுத்தி வரையுங்கள். முன்தோற்றம் 56.6-க்கு 40 செவ்வகம். கத்திக்கோட்டை மேல்விளிம்பில் இடமிருந்து கால் பங்கிலும், கீழ்விளிம்பில் முக்கால் பங்கிலும் தொடும்படி இழுங்கள். சாய்வு 54.7 பாகை வரும். மேல்தோற்றத்தில் கிடைக்கும் அறுகோணம் ஒழுங்கில்லாமல், நசுங்கியதுபோல இருக்கும். கவலைப்படாமல் எக்ஸ்1-ஒய்1 போட்டு ஆறு புள்ளிகளையும் மாற்றுங்கள். பக்கம் ஒவ்வொன்றும் 28.3 மி.மீ. வர வேண்டும். வந்ததும் அறுத்து வைத்த சோப்பைத் தாளின் மேல் கவிழ்த்துப் பொருத்திப் பாருங்கள்.